5 மதிப்பெண் தேர்வும் 32,000 வேலைகளும்: ஒரு வகுப்பைச் சமாளிக்க ஆசிரியர்கள் எங்கே கற்றுக்கொள்கிறார்கள்?

கொல்கத்தாவில் வேலை பார்க்கும் தமிழர் என்றால், சால்ட் லேக் என்றதும் உங்களுக்கு செக்டர் 5-தான் ஞாபகம் வரும். கண்ணாடிக் கட்டடங்கள், ஐ.டி. அலுவலகங்கள், ரோட்டோரக் கடையில் மண் கோப்பையில் டீ. அங்கிருந்து மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷன் கருணாமயி. அந்தப் பகுதியின் டி.கே. பிளாக்கில் ஆச்சார்யா பிரபுல்ல சந்திர பவன் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. மேற்கு வங்கத் தொடக்கக் கல்வி வாரியத்தின் அலுவலகம் அதுதான். அந்த மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில் சின்னப் பிள்ளைகளுக்கு யார் பாடம் எடுக்கலாம் என்பதை முடிவு செய்யும் இடம்.

2022 அக்டோபரில் இந்த அலுவலகத்துக்கு வெளியே நூற்றுக்கணக்கான இளைஞர்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். 2014-ஆம் ஆண்டுக்கான ஆசிரியர் தகுதித் தேர்வில், அதாவது 'டெட்'டில், தேர்ச்சி பெற்றும் வேலை கிடைக்காதவர்கள் அவர்கள். உண்ணாவிரதமும் இருந்தார்கள். அக்டோபர் 20-ஆம் தேதி இரவு போலீஸ் வந்து அவர்களை அப்புறப்படுத்தியது. அன்று டிவியில் அந்தக் காட்சிகளைப் பார்த்திருந்தால், 'வழக்கமான அரசு வேலைப் பிரச்னை' என்று சேனலை மாற்றியிருப்பீர்கள். ஊழல் புகார், கைது, நீதிமன்றம் என்று அந்தக் கதை எங்கெங்கோ போனது உண்மைதான்.

ஆனால் அதன் நடுவில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. ஒருவரால் வகுப்பறையைச் சமாளிக்க முடியுமா என்று பார்க்க வைத்திருந்த 5 மதிப்பெண். அந்த 5 மதிப்பெண் தேர்வு ஒழுங்காக நடந்ததா, இல்லையா என்ற கேள்வியில் சுமார் 32,000 பேரின் வேலை இரண்டரை வருடம் தொங்கிக்கொண்டிருந்தது.

வழக்கில் என்ன நடந்தது?

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2014 டெட் அடிப்படையில் 2016-ல் நடந்த நியமனத்தில் 42,000-க்கும் மேற்பட்டவர்கள் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களாகச் சேர்ந்தார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் போதுமான அளவு இல்லாததால், அப்போதிருந்த விதித் தளர்வின்படி பயிற்சி முடிக்காதவர்களும் இதில் இருந்தார்கள். மொத்தம் 50 மதிப்பெண். பள்ளிப் படிப்பு, பயிற்சி, டெட், நேர்காணல் என்று பிரித்துக் கொடுத்ததில் 'அப்டிடியூட் டெஸ்ட்' எனப்படும் கற்பித்தல் திறன் தேர்வுக்கு 5. தேர்வர் கையில் சாக்பீஸைக் கொடுத்து, போர்டு முன்னால் நிற்கவைத்து, ஒரு பாடம் எடுத்துக் காட்டச் சொல்வது இதன் நோக்கம்.

வேலை கிடைக்காதவர்கள் கொல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அப்படி ஒரு தேர்வு உண்மையில் நடக்கவே இல்லை என்பது அவர்களுடைய வாதங்களில் ஒன்று. நீதிபதி அபிஜித் கங்கோபாத்யாய, சில மாவட்டங்களில் நேர்காணல் எடுத்தவர்களையே அழைத்து விசாரித்தார். 2023 மே 12-ஆம் தேதி, பயிற்சி பெறாமல் சேர்ந்தவர்களின் நியமனங்களை ரத்து செய்தார். முதலில் 36,000 என்று வந்த எண்ணிக்கை, பிறகு சுமார் 32,000 என்று திருத்தப்பட்டது. ஒரே வாரத்தில் இரு நீதிபதிகள் அமர்வு இடைக்காலத் தடை கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பி வந்தது. கடைசியில் 2025 டிசம்பர் 3-ஆம் தேதி இரு நீதிபதிகள் அமர்வு அந்த ரத்து உத்தரவைத் தள்ளுபடி செய்தது. ஒன்பது வருடமாக வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பவர்களை மொத்தமாக வெளியே அனுப்ப முடியாது என்பது முடிவு. வேலை தப்பியது.

இடையில், 2025 ஏப்ரல் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 25,753 பேரின் நியமனத்தை ரத்து செய்ததே, அது வேறு வழக்கு. பள்ளிப் பணி ஆணையம் எடுத்த உயர் வகுப்பு ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் சம்பந்தப்பட்டது. அந்த ஆணையத்தின் அலுவலகமும் சால்ட் லேக்கில்தான், அதற்கான போராட்டங்களில் பலவும் சால்ட் லேக்கில் நடந்தன. அதனால் இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

சாக்பீஸ் தேர்வு எதை அளக்கும்?

இப்போது வழக்கை விட்டுவிட்டு அந்த 5 மதிப்பெண்ணைப் பாருங்கள். தேர்வு மிகச் சரியாக, விதிப்படியே நடந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு அறை, ஒரு போர்டு, எதிரே நாற்காலியில் இரண்டு மூன்று பெரியவர்கள். நீங்கள் கூட்டல் கணக்கு சொல்லிக்கொடுக்கிறீர்கள். அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பெரியவர்களில் யாரும் பக்கத்து ஆளின் பென்சிலைப் பிடுங்க மாட்டார்கள். 'டீச்சர், ஒண்ணுக்கு' என்று பாதியில் எழுந்து நிற்க மாட்டார்கள். ஒருவர் கணக்கை முடித்துவிட்டு போரடித்துப்போய் மேஜையில் தாளம் போட, இன்னொருவர் இன்னும் தலைப்பே எழுதாமல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

உங்கள் குரல், கையெழுத்து, பாடம் தெரியுமா என்பதெல்லாம் இந்தத் தேர்வில் தெரியும். வகுப்பைச் சமாளிக்கத் தெரியுமா என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வகுப்பு வேண்டும், பிள்ளைகள் வேண்டும், சில வாரங்களாவது வேண்டும். அதற்காகத்தான் ஆசிரியர் பயிற்சியில் 'இன்டர்ன்ஷிப்' என்று ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் பி.எட். படித்தவர்கள் வீட்டில் இருந்தால் 'டீச்சிங் பிராக்டிஸ்' என்ற பெயரில் கேட்டிருப்பீர்கள்.

பிரம்பு போனது, பதிலுக்கு என்ன வந்தது?

உங்கள் அப்பா, அம்மா காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. வகுப்பைச் சமாளிக்கும் கருவி மேஜை மேலேயே இருக்கும். ஆசிரியர் வெளியே போகும்போது கிளாஸ் லீடர் போர்டில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுவான். திரும்பி வந்ததும் பட்டியல்படி அடி விழும். மிச்ச நேரத்தில் 'கையைக் கட்டு, வாயைப் பொத்து'.

சட்டம் அதை எடுத்துவிட்டது. தமிழ்நாட்டில் 2003-ல் கல்வி விதிகள் திருத்தப்பட்டு பள்ளிகளில் அடிப்பது தடை செய்யப்பட்டது. மேற்கு வங்க அரசுப் பள்ளிகளில் பிரம்படி சட்டவிரோதம் என்று கொல்கத்தா உயர் நீதிமன்றம் 2004-ல் சொன்னது. 2010-ல் கொல்கத்தாவின் பெயர்பெற்ற தனியார் பள்ளி ஒன்றில் பிரம்படி வாங்கிய எட்டாம் வகுப்பு மாணவன் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகுதான் நாடு முழுக்க இது பெரிய விவாதமானது. அதே வருடம் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, உடல் ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. அடிக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். 'நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு' என்று எல்லார் முன்னாலும் சொல்வதும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்பது பல ஆசிரியர்களுக்கே தெரியாது.

இந்தத் தடைகள் சரியானவை. அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் பிரம்பை எடுத்த அரசுகள், அதன் இடத்தில் ஆசிரியர் கையில் என்ன கொடுத்தன? 'அன்பால் திருத்துங்கள்' என்ற அறிவுரை வந்தது. 23 வயதில், 45 பிள்ளைகள் முன்னால் முதல் முறை நிற்கும் ஒருவருக்கு அந்த அறிவுரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாது. அன்புக்கும் ஒரு செய்முறை வேண்டும்.

16 வாரங்களில் என்ன நடக்கிறது?

நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான குழு 2012-ல் நாட்டின் ஆசிரியர் கல்வியை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. அதைத் தொடர்ந்து தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-ல் புது விதிகள் கொண்டுவந்து, ஒரு வருட பி.எட்.டை இரண்டு வருடமாக்கியது. பழைய படிப்பில் டீச்சிங் பிராக்டிஸ் சுமார் 40 நாள். புது விதியில் பள்ளியோடு தொடர்பான வேலை மொத்தம் 20 வாரம். முதல் வருடத்தில் 4, இரண்டாம் வருடத்தில் 16. அந்தப் பதினாறில் முதல் ஒரு வாரம் பாடம் எடுக்கவே கூடாது. வழக்கமான ஆசிரியர் எப்படி வகுப்பு நடத்துகிறார் என்று பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பள்ளிக்குப் போவதற்கு முன் கல்லூரியிலேயே ஒரு ஒத்திகை உண்டு. 'மைக்ரோ டீச்சிங்'. 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் குழுவினர் உருவாக்கிய முறை. நம் ஊரில் அதை 36 நிமிடச் சுற்றாக வைத்திருக்கிறார்கள். 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் விமர்சனம், 12 நிமிடம் திருத்தி எழுத, மறுபடி 6 நிமிடம் பாடம், கடைசியாக 6 நிமிடம் விமர்சனம். கேள்வி கேட்கும் திறன், போர்டில் எழுதும் திறன் என்று ஒவ்வொன்றாகப் பழகலாம். நல்ல முறைதான். ஒரே ஒரு சிக்கல், இங்கே பிள்ளைகளாக உட்காருபவர்கள் உங்கள் கிளாஸ்மேட்கள். நீங்கள் கேள்வி கேட்டால் எல்லாரும் அழகாகக் கை தூக்குவார்கள். அடுத்து அவர்களுடைய முறை வருமே!

அப்புறம் நிஜப் பள்ளி. முதல் நாளே பிள்ளைகளுக்கு விஷயம் தெரிந்துவிடும். 'இவங்க டிரெய்னிங் மிஸ்.' மார்க் போடுவது நீங்கள் இல்லை, அப்பா அம்மாவைக் கூப்பிடுவது நீங்கள் இல்லை, சில மாதங்களில் போய்விடுவீர்கள். 'மிஸ், நீங்க எப்ப போவீங்க?' என்று ஒரு குழந்தை பாசமாகக் கேட்கும். அதே கேள்வியைக் கடைசி பெஞ்ச் வேறு அர்த்தத்தில் கேட்கும்.

'டேய், சும்மா இரு' ஏன் வேலை செய்வதில்லை?

கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஜேக்கப் கௌனின் என்று ஓர் அமெரிக்க உளவியலாளர். ஒரு நாள் அவருடைய கல்லூரி வகுப்பில் ஒரு மாணவர் பாடத்தைக் கவனிக்காமல் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கௌனின் கண்டித்தார். அவர் பேப்பரை மடித்து வைத்தார். அதில் ஆச்சரியம் இல்லை. மற்ற மாணவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்ததுதான் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒருவரைத் திட்டினால் அது அலை மாதிரி மற்றவர்களிடம் பரவுகிறதே, அப்படியென்றால் எப்படித் திட்டினால் நன்றாகப் பரவும்? இந்தக் கேள்வியோடு அவர் ஆராய்ச்சியில் இறங்கினார்.

பல தொடக்கப் பள்ளி வகுப்புகளை வீடியோ எடுத்துப் பார்த்தார்கள். 1970-ல் புத்தகமாக வந்த முடிவு அவர் எதிர்பார்த்ததற்கு நேர் எதிர். ஒழுங்காக நடக்கும் வகுப்புக்கும் தறிகெட்ட வகுப்புக்கும், ஆசிரியர் கண்டிக்கும் விதத்தில் குறிப்பிடும்படியான வித்தியாசமே இல்லை. கோபமாகச் சொன்னாலும், மென்மையாகச் சொன்னாலும், உறுதியாகச் சொன்னாலும் அதுவே வகுப்பின் தலையெழுத்தைத் தீர்மானிக்கவில்லை. வித்தியாசம் அதற்கு முன்னால் இருந்தது. நல்ல ஆசிரியர்களின் வகுப்பில், கண்டிக்க வேண்டிய நிலைமையே குறைவாக வந்தது.

அவர்கள் என்ன செய்தார்கள்? முதலாவது, நம்ம ஊரில் 'அந்த டீச்சருக்கு முதுகுலயும் கண்ணு' என்பார்களே, அது. வகுப்பில் என்ன நடக்கிறது என்று தனக்குத் தெரியும் என்பதைப் பிள்ளைகளுக்கு அவர்கள் உணர்த்திக்கொண்டே இருந்தார்கள்.

உதாரணமாக ஏழாம் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், ஆறாவது பீரியட். நீங்கள் போர்டில் படம் வரைகிறீர்கள். பின்னாலிருந்து சத்தம். திரும்பும்போது மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் சிரித்துக்கொண்டிருக்கிறான். 'எழுந்திரு!' என்கிறீர்கள். ஆனால் ஆரம்பித்தது அவன் இல்லை. அவனுக்குப் பின்னால் இருப்பவன் சட்டைக்குள் பேப்பரைப் போட்டான், இவன் கூச்சத்தில் சிரித்தான். வகுப்பு முழுக்க இது தெரியும், உங்களைத் தவிர. கௌனின் கவனித்த இரண்டு பிழைகள் இவைதான். ஆள் மாறித் திட்டுவது ஒன்று. மூன்று பேரோடு முடிய வேண்டிய விஷயத்தை, பத்துப் பேர் சேர்ந்த பிறகு கவனிப்பது இன்னொன்று. இந்த இரண்டும் நடந்துவிட்டால், நீங்கள் எவ்வளவு நியாயமானவர் என்பது அப்புறம் எடுபடாது. பிள்ளைகள் கத்துவதைக்கூட மன்னிப்பார்கள், ஆள் மாறித் திட்டியதை மட்டும் மறக்க மாட்டார்கள்.

இதற்குப் பயிற்சி ஆசிரியர் செய்யக்கூடியது ரொம்பச் சாதாரணமானது. முழுசாக முதுகைக் காட்டி எழுதாமல், தோளை வகுப்புப் பக்கம் திருப்பி எழுதுவது. பெரிய படத்தை பீரியட் தொடங்கும் முன்பே சார்ட்டில் வரைந்து வைத்துக்கொள்வது. பாடம் சொல்லிக்கொண்டே நடப்பது. சத்தம் வரும் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்று, பேச்சை நிறுத்தாமல் பாடத்தைத் தொடர்வது. நோட்டு மேல் விரலை வைத்து 'இங்க' என்று மெல்லச் சொன்னால் போதும். மற்ற 44 பேருக்கும் எதுவும் தடைபடாது.

இரண்டாவது, ஓட்டம். வகுப்பு கலைவது பெரும்பாலும் பாடத்தின் நடுவில் இல்லை, ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறும்போதுதான். 'எல்லாரும் நோட்டை எடுங்க' என்று சொல்லிவிட்டு, 'ஆமா, நேத்து ஹோம்வொர்க் யார் யார் எழுதலை?' என்று கேட்டு, பிறகு 'சரி, புக்கை மூடுங்க, முதல்ல ஒண்ணு சொல்றேன்' என்றால் என்ன ஆகும்? ஒரே நிமிடத்தில் மூன்று கட்டளை. பாதிப் பேர் பைக்குள் தலையை விட்டிருப்பார்கள். மீதிப் பேர் பேச ஆரம்பித்திருப்பார்கள். குற்றம் அவர்கள் மேல் இல்லை. ஆபீஸ் மீட்டிங்கில் அஜெண்டா இல்லாமல் பேசும் மேனேஜரிடம் நீங்கள் என்ன செய்கிறீர்களோ அதைத்தான் அவர்களும் செய்கிறார்கள். உங்களிடம் போன் இருக்கிறது, அவர்களிடம் பக்கத்து பெஞ்ச்.

மூன்றாவது விஷயம் டெக்சாஸிலிருந்து வருகிறது. எட்மண்ட் எம்மர், கரோலின் எவர்ட்சன் குழுவினர் மூன்றாம் வகுப்பு அறைகளைப் பள்ளி திறந்த முதல் நாளிலிருந்து கவனித்து 1980-ல் ஆய்வு வெளியிட்டார்கள். வருடம் முழுக்க அமைதியாக நடந்த வகுப்புகளில், ஆசிரியர்கள் முதல் சில வாரங்களில் விதிகளைப் பாடம் மாதிரியே கற்றுக்கொடுத்திருந்தார்கள். தண்ணீர் குடிக்க எப்படிக் கேட்பது, பென்சில் உடைந்தால் என்ன செய்வது, வேலையை முடித்தவர்கள் அடுத்து என்ன செய்வது. சும்மா சொல்லவில்லை, செய்ய வைத்துப் பழக்கினார்கள்.

பயிற்சி ஆசிரியருக்கு இதில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. அவர் வருவது வருடத்தின் நடுவில். அந்த முதல் வாரங்களை அவர் பார்த்ததே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸில் பாதியில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடிப்பது மாதிரி. வகுப்பு அமைதியாக இருந்தால் அது ஏன் என்று அவருக்குத் தெரியாது, கலைந்தாலும் தெரியாது. அதனால் 'இது நமக்கு வராது போல' என்று தன்மேலேயே சந்தேகப்பட்டுக்கொள்வார். விதியில் சொன்ன அந்த ஒரு வாரக் கவனிப்பு இதற்காகத்தான். பாடத்தை மட்டும் பார்க்காமல், பழைய டீச்சர் எங்கே நிற்கிறார், எந்த வார்த்தைக்கு வகுப்பு நிமிர்கிறது, நோட்டு வினியோகம் யார் கையில் என்று எழுதிவைத்துக்கொண்டால் 15 வாரத்துக்கு உதவும். பல இடங்களில் அந்த வாரம் ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போடுவதில் போய்விடுகிறது.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளலாம். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ 1970-களில் அளந்து சொன்னார். அதை 3 விநாடி ஆக்கினால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாக வாயே திறக்காதவர்களும் பேசுகிறார்கள். 3 விநாடிதானே என்று தோன்றும். எதிரே 45 பேர் உங்களையே பார்க்கும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணிப் பாருங்கள்!

சத்தம் என்றாலே அடங்காமையா?

'அந்த டீச்சர் கிளாஸ்ல ஊசி விழுந்தா சத்தம் கேக்கும்.' நம் ஊரில் ஆசிரியருக்குக் கொடுக்கும் பெரிய பாராட்டு இது. பயிற்சி ஆசிரியர்களும் இந்த அளவுகோலோடுதான் வருகிறார்கள்.

தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் இதை ஒருமுறை புரட்டிப் போட்டன. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கி பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் முறையில், பிள்ளைகள் பாயில் குழுக்களாக உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு அட்டை, ஆளுக்கொரு வேகம். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. ஆசிரியரும் தரையில். ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளி உருவாக்கிய முறையிலிருந்து வந்தது இது. அந்த அறையில் ஊசி விழுந்தால் சத்தம் கேட்காது. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு மூலையில் எழுந்து நடப்பவன் அட்டை எடுக்கப் போகிறானா, சும்மா சுற்றுகிறானா என்று ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும். அதை ஒரு பார்வையில் பிரித்தறிவது, 'எல்லாரும் வாயை மூடு' என்பதைவிடக் கஷ்டமான திறமை. அந்த முறையின் கற்றல் பலன் பற்றி விவாதங்கள் உண்டு, அது தனிக் கதை.

கைடு டீச்சர் எங்கே?

இதையெல்லாம் ஒருவர் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் ஆறாவது பீரியடில் நீங்கள் ஆள் மாறித் திட்டியதை உங்களால் பார்க்க முடியாது. அதைப் பின்னால் உட்கார்ந்து பார்த்து, பெல் அடித்த பிறகு 'அவன் இல்லப்பா, பின்னாடி இருக்கிறவன். நாளைக்கு அவனை முன்னாடி கொண்டுவந்து உட்கார வை' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் கைடு டீச்சர். இன்டர்ன்ஷிப் முழுக்க அவரை நம்பித்தான் இருக்கிறது.

நடப்பது என்ன? ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் பள்ளிக்குப் பயிற்சி ஆசிரியர்கள் வருவது மழை மாதிரி. காலியாக இருக்கும் பீரியட்களில் அவர்களை அனுப்பிவிடலாம். கைடு டீச்சருக்கு அந்த நேரத்தில் தேர்வுத்தாள், ஆன்லைன் பதிவு, தேர்தல் வேலை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. இந்த வேலைக்கென்று அவருக்குத் தனி நேரமோ பயிற்சியோ பெரும்பாலும் யாரும் கொடுப்பதில்லை. ஆக, முதல் நாளிலேயே பயிற்சி ஆசிரியர் அறையில் தனியாள். வகுப்பு கைமீறினால் பக்கத்து அறையிலிருந்து யாராவது ஸ்கேலோடு வந்து நிற்பார்கள். அறை அடங்கும். அன்றைக்கு அந்தப் பயிற்சி ஆசிரியர் என்ன கற்றுக்கொண்டார் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டம் எடுத்துவிட்ட பிரம்பு இப்படித்தான் வேறு வடிவத்தில் திரும்ப வருகிறது. அடிப்பவர்கள் எல்லாரும் கொடூரமானவர்கள் இல்லை. வேறு வழி எதையும் யாரும் காட்டாதவர்களும் அதில் இருக்கிறார்கள்.

மதிப்பீடும் உதவுவதில்லை. வருடக் கடைசியில் 'பிராக்டிகல் கமிஷன்' வரும்போது ரெக்கார்டு நோட்டு, லெசன் பிளான், சார்ட், மாடல் எல்லாம் மேஜையில் இருக்க வேண்டும். 16 வாரமும் ஒரே பையனைச் சமாளித்துச் சமாளித்து கடைசியில் அவனைக் கணக்குப் போட வைத்திருந்தால், அதை எந்தப் பக்கத்தில் ஒட்டுவது?

இந்த இடத்தில் கருணாமயிக்குத் திரும்பலாம். மேற்கு வங்கத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான இரண்டு வருட டி.எல்.எட். படிப்பின் தேர்வுகளையும் அதே தொடக்கக் கல்வி வாரியம்தான் நடத்துகிறது. பயிற்சியும் நியமனமும் ஒரே வாரியத்தின் கையில். 2023 மே தீர்ப்பு கேட்டதும், நேர்காணலையும் திறன் தேர்வையும் வீடியோ பதிவோடு மறுபடி நடத்த வேண்டும் என்பதைத்தான். ஊழலைத் தடுக்க வீடியோ அவசியம். ஆனால் ரெக்கார்டு ஆகப்போவது, பெரியவர்கள் முன்னால் ஒருவர் கூட்டல் கணக்கு சொல்லிக்கொடுக்கும் அதே காட்சிதான். தப்பித்த 32,000 பேரில் பலர் வகுப்பைச் சமாளிக்கப் பழகியது எந்தத் தேர்விலும் இல்லை. பயிற்சி இல்லாமலே உள்ளே போய், ஒன்பது வருடம் பிள்ளைகளிடமே கற்றுக்கொண்டார்கள். முதல் வருடத்தில் அவர்களிடம் படித்த பிள்ளைகளுக்கு அதன் விலை என்ன என்பதை எந்த வழக்கும் கேட்கவில்லை.

நீங்கள் ஆசிரியராக நினைத்தால்?

ஐ.டி.யிலிருந்து ஆசிரியர் வேலைக்கு மாற நினைப்பவர்கள் உங்கள் நட்பு வட்டத்திலேயே இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம். முதலில் ஒரு விஷயம்: தொடக்கப் பள்ளி வேலைக்கு பி.எட். செல்லாது. 2023 ஆகஸ்ட் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எடுக்க டி.எல்.எட். போன்ற தொடக்கக் கல்விக்கான பயிற்சிதான் வேண்டும்.

கல்லூரியில் சேரும் முன் ஃபீஸ், பஸ் வசதி கேட்பதோடு இதையும் கேளுங்கள். இன்டர்ன்ஷிப்புக்கு எந்தெந்தப் பள்ளிகளுக்கு அனுப்புகிறீர்கள்? ஒரே வகுப்பில் தொடர்ந்து எத்தனை வாரம் இருப்பேன்? வாரத்தில் எத்தனை பீரியட் கைடு டீச்சர் அறைக்குள் இருந்து பார்ப்பார்? உங்கள் கல்லூரி ஆசிரியர் எத்தனை முறை பள்ளிக்கு நேரில் வருவார்? 'பள்ளிக்கெல்லாம் போக வேண்டாம், சர்டிஃபிகேட் நாங்களே வாங்கித் தந்துவிடுவோம்' என்று யாராவது சலுகை மாதிரிச் சொன்னால், அந்தக் கல்லூரியில் சேராதீர்கள்.

ஏற்கெனவே இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறீர்களா? நாளைக்கு ஒரு வேலை. வகுப்பில் உள்ள எல்லார் பெயரையும் உட்காரும் வரிசைப்படி ஒரு தாளில் எழுதுங்கள். எந்தெந்த பெஞ்சில் பெயர் தெரியவில்லை என்று பாருங்கள். அடுத்த பீரியடில் உங்கள் சேரை அந்தப் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.